தறிக்காரர் தந்த யோகமும் பனியன் கம்பெனி நேரமும்

யோகா நல்லதா என்று மடத்துக்குளத்தில் யாரைக் கேட்டாலும் நல்லது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் செய்கிறீர்களா என்று அடுத்துக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சர்க்கரை வந்தபோது டாக்டர் சொன்னார், கொஞ்ச நாள் போனேன், அப்புறம் விட்டுப்போச்சு. அந்த 'விட்டுப்போச்சு'வுக்குச் சோம்பல்தான் காரணம் என்பது யோகா ஆசிரியர்கள் பலரின் கணிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யோகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பெருமையையும் பலனையும் எழுதுகிறார்கள். எந்த ஆசனம் எந்த நோய்க்கு என்று பட்டியல் போடுகிறார்கள். எந்த மணிக்குச் செய்வது என்ற கேள்வியை மட்டும் தொடுவதில்லை. நூற்பாலையும் பனியன் கம்பெனியும் நாளை அளந்து கொடுக்கும் இந்த வட்டாரத்தில் மற்ற எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு கேள்வியில் வந்துதான் முட்டி நிற்கின்றன.

ஊரின் அமைப்பே இதைச் சொல்லும். உடுமலைக்கும் பழனிக்கும் நடுவில், அமராவதி ஆற்றை ஒட்டிய ஊர் இது. நெல்லும் கரும்பும் தென்னையும் விளைகிற பூமி. கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்றும் உண்டு. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானபோது மடத்துக்குளமும் தனித் தாலுகா ஆயிற்று. ஆனால் அதற்கு வெகு முன்பே வீட்டுக்கு ஒருவர் மில்லுக்கோ கம்பெனிக்கோ போகத் தொடங்கியிருந்தார்கள். உடுமலைச் சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கு மூன்று ஷிப்ட். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூரின் கம்பெனி வேன்கள் உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கிராமங்கள் வரை வந்து ஆள் ஏற்றிப் போகின்றன.

யோகா இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கல்ல. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிவாகப் பேசுகிறது. கூப்பிடு தூரத்திலுள்ள பழனி மலையோ போகர் என்ற சித்தரின் பெயரோடு பிணைந்தது. ஆனால் அந்த மரபில் யோகம் என்பது குரு ஒருவர் சீடன் ஒருவனுக்குக் காதோடு சொல்லிக் கொடுத்தது. நாற்பது பேர் வரிசையாக விரிப்பைப் போட்டுக்கொண்டு ஆசிரியர் எண்ணுவதற்கேற்பக் கையைத் தூக்கி இறக்கும் வகுப்பு இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் 1930களில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சாரியாருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள். பின்னாளில் அவர் சென்னையில் குடியேறினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்கேற்ப யோகத்தை மாற்று, யோகத்துக்காக ஆளை வளைக்காதே என்பது அவர்கள் பிடித்த நெறி. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாற்பது பேர் வகுப்பில் முதுகு பிடித்துக்கொண்டவருக்குத் தெரியும்.

கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி, பத்தமடைக்காரரான சுவாமி சிவானந்தரிடம் ரிஷிகேசத்தில் 1949இல் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1966இல் அமெரிக்கா போனார். 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர் அவர்தான். அது பலரும் அறிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவரிடம் யோகா கற்ற டீன் ஆர்னிஷ் என்ற மருத்துவர், சுருக்கம் கண்ட இதய ரத்தக்குழாயை அறுவை இல்லாமலே ஓரளவு திறக்க முடியுமா என்று சோதித்து, முடிவை 1990இல் லான்செட் இதழில் வெளியிட்டார். சோதனையில் இருந்தவர்கள் 48 பேர். அவர்களில் 28 பேருக்கு யோகாவும் தியானமும், கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவும், நடைப்பயிற்சியும், கூடிப் பேசும் குழுவும் சேர்த்துத் தரப்பட்டன. ஓராண்டில் பெரும்பாலானவர்களுக்கு அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. யோகாவின் வெற்றி என்று மேடைகளில் இதைச் சொல்வார்கள். சாப்பாடா, நடையா, யோகாவா, கூட இருந்த மனிதர்களா, எது வேலை செய்தது என்று அந்தச் சோதனையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மடத்துக்குளம் பக்கம் யோகா என்றதும் பலர் நினைவுக்கு வருவது செட்டிபாளையத்துத் துறவியோ வெள்ளியங்கிரி அடிவாரத்து ஈஷாவோ அல்ல, மனவளக்கலை மன்றம்தான். அதைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், அஞ்சல் துறைத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஜவுளி வியாபாரம் செய்தவர், இல்லறத்தில் வாழ்ந்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் பொள்ளாச்சி வால்பாறை சாலையில் ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயில் எழுந்தது. 2006 மார்ச் 28 அன்று கோவையில் மறைந்தார்.

நூலும் துணியும் பிழைப்பாக உள்ள வட்டாரத்தில் ஒரு நெசவாளரின் யோகம் வேரூன்றியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது பிடித்துக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் தலைகீழாக நிற்பதும் இல்லை, உடம்பை முடிச்சுப் போடுவதும் இல்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, தரையில் படுத்துச் செய்யும் மகராசனம் இரண்டு பகுதி, உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அறுபது வயது அம்மாளும் செய்யலாம். தவம், அகத்தாய்வு, காயகல்பம் என்று மேலே போகிறவர்கள் போகலாம். உடற்பயிற்சியோடு நின்றுகொள்கிறவரை யாரும் குறை சொல்வதில்லை. எல்லாம் தமிழில். ஆழியாற்றுக் கோயில் தெய்வச் சிலையைச் சுற்றி எழுந்த இடமல்ல என்பதால் சாமி கும்பிடாதவரும் கூச்சமின்றி நுழைய முடிந்தது. அகத்தாய்வு எனக்குப் பிடித்த பகுதி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று தலைப்பு வைத்து, தாளில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்தக் கவலை நம்மால் தீர்க்கக்கூடியது, எது காலத்துக்கு விட வேண்டியது என்று எழுதிப் பிரிப்பதற்கும், இன்றைய மனநல ஆலோசகர்கள் தரும் வீட்டுப்பாடத்துக்கும் தூரம் அதிகமில்லை.

இங்கே ஒரு கோடு போட்டாக வேண்டும். கருமையம், சீவகாந்தம், வினைப்பதிவு என்று வேதாத்திரி விளக்கியவை தத்துவம். உடலியல் கூடத்தில் அளந்து காட்டப்பட்டவை அல்ல. காயகல்பம் முதுமையைத் தள்ளிப்போடும் என்பதும் அப்படித்தான். நம்புகிறவர் நம்பட்டும்; வகுப்பில் அதை மருத்துவ உண்மைபோலச் சொல்லக் கூடாது. இன்னொரு குழப்பமும் உண்டு. மனவளக்கலையின் எளியமுறை குண்டலினி யோகத்தையும் வாழும் கலை அமைப்பின் சுதர்சன கிரியாவையும் ஆங்கிலச் சுருக்கத்தில் ஒரே மூன்று எழுத்தில்தான் குறிக்கிறார்கள். மன அழுத்த நோய்க்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2000இல் வெளியிட்ட பேர்பெற்ற ஆய்வு சுதர்சன கிரியாவைப் பற்றியது. அதை மனவளக்கலையின் கணக்கில் எழுதக் கூடாது. எழுதினாலும் 45 நோயாளிகள் மட்டுமே இருந்த அந்த ஆய்வில் மின் அதிர்வு சிகிச்சைக்கு 93 விழுக்காடு, மாத்திரைக்கு 73, கிரியாவுக்கு 67 என்றுதான் குணம் கண்டது. நல்ல எண்தான், முதலிடம் இல்லை.

அப்படியானால் யோகாவால் நிச்சயமாக என்ன கிடைக்கிறது? பனியன் கம்பெனிக்காரருக்கு முதலில் வேண்டிய பதில் முதுகுவலியைப் பற்றியது. ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் குனிந்த கழுத்தோடு நாள் முழுவதும் உட்காரும் டெய்லர், நின்றே காலம் தள்ளும் செக்கிங் பெண்கள், அயர்ன் டேபிளில் ஒரே தோளை ஆயிரம் முறை தள்ளுகிறவர் என யாருக்கும் முதுகு, கழுத்து, தோள் தப்புவதில்லை. நாட்பட்ட முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பாகவே உடற்பயிற்சி, யோகா போன்றவற்றை முயலுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே ஆண்டு பாஸ்டனில் 320 பேரை வைத்து நடந்த ஆய்வு, பன்னிரண்டு வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைந்ததல்ல என்று கண்டது. அதில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் குறைந்த வருமானக்காரர்கள். நம் கம்பெனி ஆட்களுக்கு ஓரளவு பொருந்தும் ஆய்வு. ஆனால் 21 சோதனைகளை, 2,223 பேரைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்குகிறது. ஒன்றுமே செய்யாதவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு வலி சற்றுக் குறைகிறது. வேறு முதுகுப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. யோகாவாலேயே முதுகுவலி கூடியவர்களும் சிலர் உண்டு. அதாவது யோகா நல்ல உடற்பயிற்சி. அதற்குமேல் மந்திரம் எதுவும் அதில் இல்லை.

மனத்தைப் பற்றிய ஆய்வுகளும் இதே தொனியில்தான் பேசுகின்றன. ஓயாத பதற்ற நோய் உள்ள 226 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வந்தது. குண்டலினி யோகா செய்தவர்களில் 54 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். மன அழுத்தம் பற்றிப் பாடம் மட்டும் கேட்டவர்களில் 33. உளவியல் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 71. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பேச்சு சிகிச்சையின் பலன் நின்றது, யோகாவின் பலன் தெளிவாக நிற்கவில்லை. (அந்தக் குண்டலினி வேறு பள்ளி, ஆழியாற்றுடையது அல்ல.) ஆனால் மடத்துக்குளத்துக்காரருக்கு உளவியல் ஆலோசகர் எங்கே கிடைப்பார்? 2010 வாக்கில் திருப்பூரின் தற்கொலைகள் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டன. கடன், தனிமை, குடி, ஊர்விட்டு வந்த வாழ்க்கை என்று காரணங்கள் அலசப்பட்டன. அந்த அளவு துயரத்தில் இருப்பவரை மூச்சுப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவுவது தவறு. அவர் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தூக்கம் கெட்டு, எரிச்சல் மண்டி, வீட்டில் சிடுசிடுக்கும் நிலையில் உள்ளவருக்கோ வாரம் சில நாள் பத்துப் பேரோடு உட்கார்ந்து கண்ணை மூடுவது உண்மையிலேயே உதவுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற நிதானத்துக்கு வந்தால் இதயத்துடிப்பைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது என்று 2001இல் இத்தாலியரான பெர்னார்டி குழுவினர் காட்டினார்கள். ஜெபமாலை உருட்டினாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு அதே வேகத்துக்குத்தான் வந்தது. எந்த மதத்தவரையும் வகுப்புக்கு அழைக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதயத்தைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே பெரிய சோதனை நடந்திருக்கிறது. மாரடைப்பு வந்து மீண்ட 3,959 பேரை 24 மருத்துவமனைகளில் சேர்த்து நடத்திய 'யோகா கேர்' ஆய்வு 2020இல் வெளிவந்தது. யோகா செய்தவர்கள் உடம்பு தேறியதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள். மறுபடி மாரடைப்போ மரணமோ குறைந்ததாக உறுதிசெய்ய முடியவில்லை. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மன்றத்துக்குப் போகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நூற்பாலைக்காரரின் மார்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோய் வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கும். வருடக்கணக்கில் போனால் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதாகும். ஆஸ்துமாக்காரர்களுக்கு யோகாவால் வாழ்க்கைத்தரம் சிறிதளவு மேம்படுகிறது என்று 2016ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு பிராணாயாமம் பஞ்சுத் தூசியை வெளியேற்றும் என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள். தூசியை உறிஞ்சும் கருவியைப் புளோரூமிலும் கார்டிங்கிலும் ஒழுங்காக ஓடவிடுவது மில்லின் கடமை. தொழிலாளியின் மூச்சுப்பயிற்சி அதற்கு மாற்றாகாது.

சொல்லித் தருகிறவர்களிடம் வருவோம். மனவளக்கலையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர் அருள்நிதி; அடுத்து துணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள். வெளியூர்க்காரர் மன்றத்துப் பலகையைப் பார்த்தால் ஊரில் பல்கலைக்கழகம் இருக்கிறதோ என்று மலைப்பார். மளிகைக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையும்தான் அந்தப் பேராசிரியர்கள். சம்பளம் பெயருக்குத்தான், பலர் சேவையாகவே செய்கிறார்கள். இந்த அர்ப்பணிப்பால்தான் வகுப்பு கட்டுப்படியாகும் செலவில் நடக்கிறது. இதன் பலவீனமும் இங்கேதான். ஓய்வுபெற்றவர் நடத்தும் வகுப்பு ஓய்வுபெற்றவரின் கடிகாரத்தில் நடக்கிறது. திருப்பூர் முழுக்க வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களுக்குத் தமிழ் வகுப்பு எட்டுவதும் இல்லை.

தகுதி விஷயம் இன்னும் குழப்பம். யோகாவும் இயற்கை மருத்துவமும் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் 2000 முதல் அரசுக் கல்லூரியே இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆழியாறு பட்டயமும் பட்டமும் தந்திருக்கிறது. மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைத்துப் படிப்படியாகச் சான்று தருகிறது. மறுபுறம் ஒரே மாதத்தில் இருநூறு மணி நேரம் முடித்த சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. தெருவில் வகுப்பு எடுக்க உரிமம் கட்டாயமில்லை. ஆகவே கேட்க வேண்டியவர் கற்க வருகிறவர்தான். நல்ல ஆசிரியர் முதல் நாளே உங்களைக் கேள்வி கேட்பார்: பிரஷர் உண்டா, குடலிறக்கம் உண்டா, கர்ப்பமா, கண்ணில் கிளாக்கோமா உண்டா, முதுகுத்தண்டு டிஸ்க் விலகியிருக்கிறதா? பிரஷர் ஏறியவருக்கும் கர்ப்பிணிக்கும் வேகக் கபாலபதி கூடாது. கிளாக்கோமாக்காரர் தலைகீழ் ஆசனத்தைத் தொடக் கூடாது. நாளெல்லாம் குனிந்திருக்கும் டெய்லருக்கு மறுபடியும் முன்குனியும் ஆசனமாகவே அடுக்குவது அறியாமை. அவருக்கு வேண்டியது புஜங்காசனம் போல மார்பைத் திறப்பது, தோளைப் பின்னால் தள்ளுவது, கழுத்தை மெதுவாகத் திருப்புவது. நின்று வேலை செய்கிறவருக்குக் கால்களைச் சுவரில் சாய்த்து மேலே வைத்துப் படுத்திருக்கும் சில நிமிடங்கள். இவ்வளவுதான், ஆனால் தொழிலைக் கேட்டறிந்து சொல்லித் தர வேண்டும். கேள்வியே கேட்காமல் முதல் நாளே மூச்சை அடக்கச் சொன்னால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

இப்போது நேரம். காலை எட்டரைக்குக் கம்பெனி தொடங்கினால் மடத்துக்குளம் பக்கத்திலிருந்து போகிறவர் ஆறரைக்கு வேனில் இருக்க வேண்டும். அதற்குமுன் தண்ணீர் பிடிக்கணும், சமையல் ஆகணும், பிள்ளைக்கு டிபன் கட்டணும். பெண்ணாக இருந்தால் நாலரைக்கே விளக்கு எரியும். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்பப் பத்தரை. மன்றத்தின் ஐந்தரை மணி வகுப்பு இவருக்கானதல்ல, மாலை ஆறு மணி வகுப்பும் அல்ல. மில்லில் வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவருக்கு 'தினமும் ஒரே நேரத்தில்' என்ற யோகப் பாடத்தின் முதல் விதியே பொருந்தாது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன; மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். யோகா ஆர்வலர்கள் எவரும் அந்த விவாதத்தில் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஜூன் 21 யோகா தினத்துக்கு மைதானத்தில் கூடுவதைவிட, தொழிலாளியின் உடல்நலத்துக்கு அந்த மசோதாவே நெருங்கிய விஷயம்.

ஐ.நா. சபை 2014 டிசம்பரில் 177 நாடுகளின் ஆதரவோடு அறிவித்த அந்த நாளால் பயன் இல்லையென்று சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு யோகா அறிமுகமாகிறது. மறுநாள் என்ன என்பதுதான் கேள்வி. பணியிடத்தில் ஐந்தே நிமிடத்தில் செய்வதற்கென்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் 'ஒய் பிரேக்' என்ற பயிற்சிச் செயலியை வெளியிட்டது. அலுவலக நாற்காலிக்காரரை மனதில் வைத்தது என்றாலும் தையல் லைனுக்கு மாற்றி அமைப்பது கடினமல்ல. தமிழக அரசு 2024இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷரையும் சர்க்கரையையும் வேலைத்தலத்துக்கே வந்து பார்க்கிறது. இந்த இரண்டையும் மன்றத்து ஆசிரியர்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் ஆள்தான் இன்னும் வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் தொழிலாளியிடம் அல்ல. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் உடுமலை, மடத்துக்குளம் பக்கத்து மில் நிர்வாகங்களும் காலையில் பதினைந்து நிமிடம், மாலை டீ இடைவேளைக்கு முன் பத்து நிமிடம் லைனை நிறுத்த வேண்டும். அது சம்பளத்தோடு கூடிய நேரமாக இருக்க வேண்டும். பீஸ் ரேட்டுக்காரருக்கு அந்த நிமிடங்களின் கூலி குறையக் கூடாது. வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. சொல்லித் தருபவருக்கு நிர்வாகம் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவர் தமிழும் இந்தியும் தெரிந்தவராக இருப்பது நல்லது. மன்றங்கள் தங்கள் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு வகுப்பு வைக்கட்டும். பனியன் கம்பெனிக்காரர் ஊரில் இருப்பது அன்றைக்கு மட்டும்தான்.